நாணலைக் கரும்போடு சேர்த்த வெங்கட்ராமன்

மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கம் காவிரிக் கரையோரமாக நடந்தால் இரண்டு புல்லினங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கரும்பு. அந்தப் பக்கம் ஆற்று மணலில் நாணல். கரும்புக்குப் பார் பிடிக்கிறோம், களை எடுக்கிறோம், உரம் வைக்கிறோம், சோகை உரிக்கிறோம், மண் அணைக்கிறோம். நாணலுக்கு யாரும் எதுவும் செய்வதில்லை. ஆடிப் பெருக்கில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். சித்திரையில் மணல் கொதிக்கும்போதும் பச்சை மாறாமல் நிற்கும். வயலுக்குள் வந்தால் களை என்று பிடுங்கி எறிவோம்.

ஆனால் இன்று ஆலைக்கும் வெல்லத்துக்கும் நாம் நடும் கரணை ஒவ்வொன்றிலும் அந்த நாணலின் மரபணுக்கள் இருக்கின்றன. வாய்க்கால் தண்ணீர் பத்து நாள் தள்ளிப் போனாலும் கரும்பு தாக்குப்பிடிக்கிறது என்றால், அதில் நாணலுக்குப் பங்கு உண்டு. இந்தச் சேர்க்கையைச் செய்தது கோயம்புத்தூர் கரும்பு நிலையம். அங்கே தொடக்க காலத்திலிருந்து உழைத்து, பிறகு 23 ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சர் தி.சா.வெங்கட்ராமன்.

ரகத்தின் பெயரில் 'கோ' என்று வருகிறதே, அது கோயம்புத்தூரைக் குறிக்கும் எழுத்து. அந்த எழுத்து உலகம் முழுவதும் கரும்பு விவசாயிகளுக்குத் தெரிந்ததற்கு இவர் முக்கியமான காரணம். வறட்சியையும் நோயையும் தாங்கும் குணம் விதைக்குள் எப்படி வருகிறது, வந்த குணம் எத்தனை நாள் நிலைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவருடைய வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

தடித்த கரும்பும் ஒல்லிக் கரும்பும்

வெங்கட்ராமன் பிறந்தது 1884 ஜூன் 15. அவர் வளர்ந்த காலத்தில் நம் நாட்டில் இரண்டு விதமான கரும்புகள் இருந்தன. தெற்கே தடித்த கரும்பு. பொங்கலுக்கு எடப்பாடி, பூலாம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் செங்கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையாக இருக்கும், சாறு நிறைய வரும். ஆனால் வளமான மண்ணும் தவறாத தண்ணீரும் கேட்கும். வடக்கே பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் பகுதிகளில் விரல் மொத்தமே உள்ள ஒல்லிக் கரும்பு. குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் எடையும் குறைவு, சாறும் குறைவு.

நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி இருந்தது வடக்கேதான். விளைந்த கரும்பு பெரும்பாலும் வெல்லத்துக்குத்தான் போனது. வெள்ளைச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

தெற்கே வேறொரு துன்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கோதாவரி டெல்டாவின் தடித்த கரும்பை ஒரு நோய் சூறையாடியது. தோகை காய்ந்து, கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த வாடை அடித்தது. நாம் செவ்வழுகல் என்று அழைக்கும் அதே நோய்தான். அதை ஆராய்ந்தவர் அன்றைய சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். இதற்காகவே 1902-ல் சாமல்கோட்டையில் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. இருக்கும் ரகங்களில் நல்லதைத் தேர்ந்தெடுத்து நட்டுப் பார்த்தார்கள். ஓரளவுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கி, எடையும் கொடுக்கும் கரும்பு கையிருப்பில் இல்லை. புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்த காரணம்

கரும்பை நாம் கரணை வைத்து வளர்க்கிறோம். கரணையில் இருந்து வருவது தாயின் அச்சு அசல். தாயிடம் இல்லாத குணம் பிள்ளையிடம் வராது. புதிய குணம் வேண்டுமென்றால் பூவோடு பூ சேர்ந்து விதை உண்டாக வேண்டும். கரும்பு விதை முளைக்காது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1880-களின் இறுதியில் ஜாவாவிலும் மேற்கிந்தியத் தீவுகளின் பார்படோசிலும் கரும்பு விதையை முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான் கலப்பினக் கரும்புக்கு வழி திறந்தது.

வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் பூக்கும். ஆகவே வடக்குக்கு வேண்டிய கரும்பைத் தெற்கே உருவாக்குவது என்று முடிவாகி, 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அரசின் கரும்பு வல்லுநராகப் பார்பர் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக வேலைக்கு வந்த இளைஞர் வெங்கட்ராமன். அப்போது அவருக்கு வயது 28.

1912-ல் நடந்த துணிச்சலான கலப்பு

வழக்கமாகக் கலப்புச் செய்பவர்கள் ஒரு நல்ல ரகத்தோடு இன்னொரு நல்ல ரகத்தைச் சேர்ப்பார்கள். கோயம்புத்தூரில் அப்படிச் செய்யவில்லை. 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைத் தாயாக வைத்து, அதன் மேல் உள்ளூர் நாணலின் மகரந்தத்தைத் தூவினார்கள். நாணலில் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். எடை இல்லை. நார்தான் இருக்கும். வீட்டுக் கறவை மாட்டுக்குக் காட்டு மாட்டைச் சேர்ப்பதுபோல அன்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

வேலையும் சுலபமில்லை. கரும்பின் பூங்கதிர் நிற்கும் உயரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். வேறு மகரந்தம் வந்து கலக்காமல் காக்க வேண்டும். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான பூக்கள். விதை பஞ்சோடு ஒட்டிய தூசிபோல இருக்கும். அதைத் தொட்டியில் தூவி முளைக்க வைத்து, புல்போல எழும் நாற்றுகளைப் பிரித்து, வயலில் நட்டு, ஒவ்வொன்றாகச் சாறும் எடையும் பார்த்து, நூற்றுக்கணக்கில் கழித்து ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒரு ரகம் வெளிவர ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

அப்படிக் கழித்தது போக நின்ற ஒன்றுதான் கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. அங்கே விவசாயிகள் வைத்திருந்த 'காத்தா' என்ற ஒல்லிக் கரும்பைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிக விளைச்சல் கொடுத்தது. தண்ணீர் தேங்கினாலும் நின்றது, காய்ந்தாலும் நின்றது. நாணலை நேரடியாகப் பெற்றோராகக் கொண்டு விவசாயி வயலுக்கு வந்த முதல் கரும்பு ரகம் அதுதான்.

கரணைக்குள் நடந்தது என்ன?

உயிரின் குணங்களைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். அவை குரோமோசோம் என்ற நூல்களில் மணிபோலக் கோத்திருக்கின்றன. தடித்த கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலில் 64. பொதுவாகப் பெற்றோர் இருவரும் பாதிப் பாதி கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் கோ 205-ல் இருந்தவை 112. தாய்க் கரும்பு தன்னுடைய 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. நாணல் தன் பங்கான 32-ஐக் கொடுத்தது. கரும்பின் இனிப்பு அதிகம் நீர்த்துப் போகாமல், நாணலின் உறுதி வந்து சேர்ந்ததற்கு இந்த விநோதமான கணக்கும் ஒரு காரணம். இந்த விவரங்கள் கலப்புச் செய்த பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் நுண்ணோக்கியில் தெரியவந்தன. 1934-ல் அந்த நிலையத்தில் சேர்ந்த ஜானகி அம்மாள் போன்ற உயிரணு ஆய்வாளர்கள் இந்தத் துறையை வளர்த்தார்கள்.

நாணல் கொடுத்தது என்ன? வறட்சியைத் தாங்கும் குணம் என்று ஒரே ஒரு மரபணு கிடையாது. ஆழமாகவும் அடர்த்தியாகவும் போகும் வேர் ஒரு குணம். வெயில் ஏறும்போது இலையைச் சுருட்டிக்கொள்வது ஒரு குணம். இலைத் துளைகளை நேரத்தோடு மூடி நீர் ஆவியாவதைக் குறைப்பது இன்னொன்று. தண்டின் மேல் மெழுகுப் பூச்சு, காய்ந்த பிறகு தண்ணீர் கண்டதும் தூரில் இருந்து மறுபடி துளிர்ப்பது, வாடும் உயிரணுக்களைச் சேதமில்லாமல் வைத்திருப்பது என்று பல குணங்கள் சேர்ந்ததே வறட்சித் தாங்கும் சக்தி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல மரபணுக்கள். ஆகவே அது ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய குணமல்ல. ஒரு ரகத்தில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும்.

வெங்கட்ராமன் இதை அன்றே வேரிலிருந்து பார்த்தார். சக ஆய்வாளர் தாமஸுடன் சேர்ந்து, கரும்பின் வேர் மண்ணுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை ரகம் ரகமாக ஆராய்ந்தார். அதற்கென்று எளிய கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். தண்டைப் பார்த்து மட்டும் ரகத்தை எடைபோடக்கூடாது, பூமிக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்பது 1920-களில் புதிய எண்ணம். இன்றும் ரகம் பார்க்கப் போகும் நாம் தண்டின் பருமனைத்தான் முதலில் பார்க்கிறோம்.

நோய் எதிர்ப்பு கொஞ்சம் வேறு. சில நோய்களுக்கு ஒரே ஒரு பெரிய மரபணு போதும். கரும்பின் பழுப்புத் துரு நோய்க்கு அப்படி ஒரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. பூஞ்சையின் அடையாளத்தைக் கண்டதும் கதவைச் சாத்திவிடும். செவ்வழுகல் போன்ற நோய்களுக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. பூஞ்சையும் உயிர்தான், அதுவும் மாறும். காவலாளிக்குத் தெரியாத வேடத்தில் வந்தால், நேற்றுவரை தாங்கிய ரகம் இன்று விழும்.

ரகத்தின் மேல் ரகம்

1919-ல் பார்பர் விடைபெற்றார். பிற்காலத்தில் வட இந்திய ஒல்லிக் கரும்பின் அறிவியல் பெயரிலேயே பார்பரின் பெயர் சேர்ந்தது. அவருக்குப் பிறகு நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனுக்கு வந்தது. 1942-ல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

நாணல் கலந்த முதல் தலைமுறைப் பிள்ளையில் நார் அதிகம். அதைத் தடித்த கரும்போடு மறுபடியும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இனிப்பு கூடும், நாணலின் பங்கு குறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் திறமை. அவர் தடித்த கரும்பு, வட இந்திய ஒல்லிக் கரும்பு, நாணல் ஆகிய மூன்று இனங்களையும் ஒரே ரகத்துக்குள் கொண்டுவந்தார். ஜாவாக்காரர்களும் இதே பாதையில் போய் 1921-ல் பி.ஓ.ஜே. 2878 என்ற புகழ்பெற்ற கரும்பை உண்டாக்கியிருந்தார்கள். வெங்கட்ராமன் அதையும் வாங்கித் தன் கலப்பில் சேர்த்துக்கொண்டார்.

வடக்கே கோ 213, கோ 312 போன்றவை பரவின. தெற்கே 1933-ல் பி.ஓ.ஜே. 2878-ஐயும் கோ 290-ஐயும் சேர்த்து உருவான கோ 419 வந்தது. தென்னிந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் அது பல ஆண்டுகள் ராஜாவாக இருந்தது. நம் மாவட்டங்களில் வயது முதிர்ந்த கரும்பு விவசாயிகள் வீட்டில் இன்றும் 'நானூத்திப் பத்தொம்பது' என்ற பெயர் பேச்சில் வரும்.

கடல் கடந்தும் போனது. அமெரிக்காவின் லூசியானாவில் 1920-களில் தேமல் நோய் அங்கிருந்த தடித்த கரும்பை அழித்து ஆலைகளை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது. அங்கே பிறகு பயிரான ரகங்களில் கோ 281, கோ 290 இரண்டும் உண்டு. தென்னாப்பிரிக்காவும் இவற்றை எடுத்துக்கொண்டது. கோ 281-ன் பெற்றோரில் ஒன்றான கோ 206-ம் நாணல் கலந்ததுதான்.

1932-ல் இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி போட்டு உள்நாட்டுத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதுவரை 30 அளவில் இருந்த சர்க்கரை ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் 130-க்கு மேல் பெருகின. வரியும் வேண்டியிருந்தது, ஆலையில் போட நல்ல கரும்பும் வேண்டியிருந்தது. கரும்பு தயாராக இருந்தது. ஜாவா சர்க்கரையை நம்பியிருந்த நாடு சில ஆண்டுகளிலேயே தன் தேவைக்குத் தானே உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்தது.

சோளமும் மூங்கிலும்

அவருடைய ஆர்வம் நாணலோடு நிற்கவில்லை. 1930-களில் கரும்பைச் சோளத்தோடு சேர்த்துப் பார்த்தார். குறுகிய காலத்தில் முற்றும் கரும்பு கிடைக்குமா என்பது அவருடைய நோக்கம். மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்தார். இவை விவசாயி வயலுக்குப் பெரிய ரகமாக வந்து சேரவில்லை. ஆனால் தூரத்துச் சொந்தத்திலிருந்தும் குணம் வாங்க முடியுமா என்று தேடும் வழக்கத்தை அந்த நிலையத்தில் விதைத்தன.

1937-ல் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். விஞ்ஞானிகள் நிறைந்த அந்த மேடையில் அவர் தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். கிராமத்தின் நேற்று, இன்று, நாளை பற்றி அங்கே பேசினார்.

கண் முன்னே விழுந்த ரகம்

அவருடைய வாழ்க்கையில் வெற்றி அளவுக்கு முக்கியமான ஒரு தோல்வியும் உண்டு. விவசாயிகளுக்கு அதிலிருந்துதான் பாடம் அதிகம்.

கோ 213 பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் ஊருக்கு ஊர் பரவியிருந்தது. ஆலைக்கும் பிடித்தது, விவசாயிக்கும் பிடித்தது. எங்கே பார்த்தாலும் அதே ரகம். 1938-39-ல் செவ்வழுகல் அதன் மேல் பாய்ந்தது. தொடக்கத்தில் தாங்கி நின்ற ரகம் பரப்புப் பரப்பாகக் காய்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோதாவரியில் தடித்த கரும்புக்கு நடந்தது, இப்போது கலப்பினக் கரும்புக்கும் நடந்தது.

காரணத்தைப் பாருங்கள். கரும்பு கரணையில் வளர்வது. ஓர் ஏக்கரில் இருக்கும் ஆயிரக்கணக்கான தூர்களும் மரபணுவில் ஒன்றே. ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே ரகம் என்றால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே காவலாளி. பூஞ்சை ஒரு தூருக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாத் தூருக்குள்ளும் போகலாம். போதாததற்கு நோய் கண்ட கரணையை நாமே வெட்டி வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறோம். பாசனத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வயலுக்கு வயல் அதைச் சுமந்து போகின்றன.

நல்ல வேளையாக நிலையத்தில் அடுத்த ரகங்கள் கையில் இருந்தன. கோ 213-ஐயே ஒரு பெற்றோராகக் கொண்ட கோ 312 அவற்றில் ஒன்று. அவருடைய உழைப்பின் உண்மையான பெருமை ஒரு ரகத்தில் இல்லை. ஒன்று விழும்போது இன்னொன்றைக் கொடுக்கும் அளவுக்குக் கலப்பு வேலை ஆண்டுதோறும் நிற்காமல் நடந்ததில்தான் இருக்கிறது.

அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. சுதந்திர இந்தியா பத்மபூஷண் கொடுத்தது. 1963 ஜனவரி 18 அன்று அவர் காலமானார்.

நம் வயலில் அந்தக் கதை

அவர் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கதை முடியவில்லை. கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கோக 671 நல்ல சர்க்கரைக் கட்டு உள்ள ரகம். ஆலைகள் கொண்டாடின. அதையும் செவ்வழுகல் விழுத்தியது. அந்தக் கோக 671-ன் பிள்ளைதான் 2000-ல் வெளியிடப்பட்ட கோ 86032. வறட்சியைத் தாங்குகிறது, மறுதாம்பும் நன்றாக வருகிறது. ஆகவே மோகனூர் ஆலைக்குப் போகும் கரும்பானாலும், பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகும் வெல்லமானாலும், இந்த ரகத்தின் பெயர் அறியாத விவசாயி இல்லை. நோயில் விழுந்த தாய் தகப்பனிடமிருந்தும் நல்ல குணத்தை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2009-ல் வெளியான கோ 0238 அங்கே கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. விவசாயிக்கு நல்ல வருமானம் தந்தது. சில ஆண்டுகளிலேயே செவ்வழுகல் பூஞ்சையின் புதிய வகை வந்து அந்த ரகத்தைத் தாக்கியது. கோ 213-ன் கதை எண்பது ஆண்டு கழித்து ஏறத்தாழ அதே மண்ணில் திரும்ப நடந்தது. நம் மாநிலத்திலும் ஒரே ரகம்தான் பெரும்பரப்பில் இருக்கிறது. அதில் மஞ்சள் இலை நோய் கரணை வழியாகவும் அசுவினி வழியாகவும் பரவி, ஆண்டுக்கு ஆண்டு வீரியத்தைக் குறைக்கிறது. ரகம் கெட்டுவிட்டது என்கிறோம். மரபணு அப்படியேதான் இருக்கிறது. கரணையில் நோய் ஏறியிருக்கிறது.

விரிவாக்க அலுவலர்களும் விவசாயிகளும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

தோட்டம் முழுவதும் ஒரே ரகம் வேண்டாம். நான்கு ஏக்கர் இருந்தால் ஓர் ஏக்கரிலாவது ஆலையும் ஆராய்ச்சி நிலையமும் பரிந்துரைக்கும் புதிய ரகத்தை வைத்துப் பாருங்கள். ஊர் அளவில் இரண்டு மூன்று ரகங்கள் கலந்திருந்தால் நோய்க்கு ஓட்டப்பாதை கிடைக்காது.

கரணைக்கென்றே தனியாக நாற்றங்கால் பயிர் வையுங்கள். ஆறேழு மாத வயதுள்ள, நோயில்லாத பயிரிலிருந்து கரணை எடுங்கள். வெட்டிய முனை சிவந்திருந்தால் அந்தக் கரும்பையே ஒதுக்குங்கள். மஞ்சள் இலை நோய் அதிகம் உள்ள இடங்களில் திசு வளர்ப்பு நாற்றிலிருந்து பெருக்கிய கரணை வாங்குவது பலன் தரும்.

மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகிக் காய்ந்தால் ஒரு கரும்பைப் பிளந்து பாருங்கள். சிவப்பு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டும் புளித்த வாடையும் இருந்தால் செவ்வழுகல். தூரோடு தோண்டி எரித்துவிடுங்கள். அந்த வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் தடுங்கள். மறுதாம்பு விடாமல் நெல் போன்ற மாற்றுப் பயிருக்குப் போங்கள்.

வறட்சி தாங்கும் ரகம் என்பதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. தாங்கும் காலம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். சோகையை எரிக்காமல் பாருக்குள் பரப்பினால் ஈரம் நிற்கும். வறட்சிக் காலத்தில் 100 லிட்டர் தண்ணீருக்கு யூரியா 2.5 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ கரைத்து 15 நாளுக்கு ஒரு முறை தெளிப்பது பயிரைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று. ஆற்றோர நாணலை வயலுக்குள் வராமல் பிடுங்குங்கள், தவறில்லை. ஆனால் ஆற்றில் இருப்பது ஆற்றில் இருக்கட்டும். பாலைவன ஓரத்திலும், இமயமலை அடிவாரச் சதுப்பிலும், நம் காவிரி மணலிலும் வளரும் நாணல்கள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு இடத்து நாணலும் வேறு வேறு குணங்களைச் சுமந்து நிற்கிறது. இன்றைய கரும்பின் குரோமோசோம்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான் நாணலுடையது. அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாணல்களிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் காலத்தில் வரப்போகும் வெயிலுக்கும் புதிய நோய்க்கும் வேண்டிய மரபணு, ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கீழே மணலில் ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தூரில் இருக்கலாம். வெங்கட்ராமன் காலத்துக் கோயம்புத்தூர் நிலையம் தன் உள்ளூர் நாணலில்தான் தொடங்கியது.